ஏரியின் எதிர்ச்சுற்று

மார்ச் 4, செவ்வாய்

நல்ல பனிமூட்டம். எதிர்க்கரை தெரியவில்லை. ஆனாலும் இன்று ஓடினோம். இதயத்தில் அடைப்பு எடுத்த பிறகு டாக்டர் இவரை ஓட விட்ட முதல் நாள்.

நான் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து எங்கள் வழக்கம் இது. படகுக் கொட்டகையில் ஒன்றாகக் கிளம்புவோம். நான் இடப்பக்கமாக, இவர் வலப்பக்கமாக. முதலில் சேர்ந்துதான் ஓடிப் பார்த்தோம். சரிப்படவில்லை. எனக்குக் கால் வேகம், இவருக்கு வாய் வேகம். எதிரெதிராக ஓடினால் சண்டை போட ஆள் இல்லை. பார்க்கும்போது சந்தோஷமாகவும் இருக்கிறது. வட்டப் பாதையில் இருவர் எதிரெதிர்த் திசையில் கிளம்புகிறார்கள், எங்கே சந்திப்பார்கள்? எத்தனை வகுப்புக்கு இந்தக் கணக்கைப் போட்டிருப்பேன்! எங்கள் விடை எப்போதும் ஒன்றுதான்: கல் பெஞ்ச். சரிபாதி என்றால் மதகு. நான் மதகைத் தாண்டி, பம்ப் அறையையும் தாண்டி, அவர் பங்கில் கொஞ்சம் தின்ற பிறகு பெஞ்ச் வரும். அங்கே உள்ளங்கையைத் தட்டிக்கொண்டு அவரவர் மீதிச் சுற்றை முடிப்போம்.

இன்று பெஞ்சில் யாருமில்லை. ஓடினேன், ஓடினேன், மரப்பாலம் வரைக்கும். பாலத்திலிருந்து பார்த்தால் கிளம்பிய கொட்டகையே தெரியும். அங்கே வந்துகொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், பெஞ்சு இங்க நகந்து வந்துடுச்சா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 6, வியாழன்

மறுபடியும் மரப்பாலம். டீ குடிக்கும்போது சொன்னார்: "இனிமே நீ மட்டும் போயிட்டு வா. நான் ஜன்னல்லேர்ந்து பாத்துக்கறேன்."

இவர் ஜன்னலோரம் உட்காருகிற ஆளா? கட்டடம் கட்டடமாக லிஃப்ட் ரிப்பேர் பார்த்துத் திரிந்த மனிதர்.

மார்ச் 8, சனி

கெஞ்சிக் கூட்டிப்போனேன். மரப்பாலத்துக்கு முன்னால் வில்லோ மரம் ஒன்று இருக்கிறது. அங்கே நின்று ஷூ கயிற்றை அவிழ்த்தேன், கட்டினேன், அவிழ்த்தேன். இவர் பாலத்தைத் தாண்டி வரும்போதுதான் ஓடத் தொடங்கினேன்.

"பாலத்தத் தாண்டிட்டேன் பாத்தியா?" முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

முப்பத்து மூன்று வாங்கிய பிள்ளைக்கு இரண்டு மார்க் கூட்டிப் போடுவதில்லையா? பாஸ் ஆன தெம்பில் அடுத்த தேர்வில் அது தானாகவே நாற்பது வாங்கும். எத்தனை பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 19, புதன்

ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளி நிற்கிறேன். இவருக்கு நேரம் தெரிய வழியில்லை. நேரத்தோடு போட்டி வேண்டாம் என்று டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்ற வைத்துவிட்டார். வீட்டுக் கடிகாரத்தை வைத்தும் சொல்ல முடியாது. வழியில் தூண்டில்காரரோடு கதை பேசாமல் இவர் திரும்பியதே இல்லை.

"எனக்கு நீதான் கடிகாரம்," என்றார் இன்று.

எனக்கு டீ புரையேறிவிட்டது.

மார்ச் 29, சனி

கல் பெஞ்ச்! இவர் பெஞ்சைத் தட்டிக் கொடுத்தார், ஏதோ வளர்ப்பு நாயைத் தட்டுவதுபோல. மகளுக்கு உடனே போன். "உங்கப்பன் பழையபடி ஆயிட்டான்னு சொல்லு உன் வீட்டுக்காரர்கிட்ட."

நான் பம்ப் அறைக்குப் பின்னால் நின்றிருந்ததைத் தூண்டில்காரர் பார்த்துவிட்டார். இவர் போன பிறகு மெதுவாகக் கூப்பிட்டார். "டீச்சரம்மா, யார்கிட்டேர்ந்து ஒளியறீங்கன்னு நான் கேக்கல. ஆனா உங்க நிழலு தண்ணில விழுது. மீன் ஒண்ணும் கிட்ட வரமாட்டேங்குது."

ஏப்ரல் 2, புதன்

ஞாயிற்றுக்கிழமை பெரிய சுற்று போகலாம் என்கிறார். ஆட்டு மேட்டில் ஏறி, மேய்ச்சல் நிலத்தைக் கடந்து, அந்தப் பக்கத்துச் சின்ன ஏரியையும் சுற்றி வருவது. நன்றாக இருந்த காலத்திலேயே மேட்டில் இவருக்கு மூச்சு வாங்கும்.

இன்னும் ரெண்டு வாரம் போகட்டுமே என்றேன். "ஏன்? பெஞ்சு வரைக்கும் வர்றேன்ல?" என்கிறார்.

ஏப்ரல் 5, சனி

சொல்லிவிட வேண்டும். இரவுச் சாப்பாட்டின்போது வாயைத் திறந்தேன். அதற்குள் மகள் போன். பேரப்பிள்ளையிடம் இவர், "தாத்தா நாளைக்கு மலை ஏறப்போறேன்டா" என்று ஒரே பெருமை. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி... காலையில் சொல்கிறேன். கிளம்புவதற்கு முன்னால் கட்டாயம் சொல்கிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சொல்லல. காலைல எந்திரிச்சா இவரு ஷூ மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறாரு. பாதி வழில சொல்லிக்கலாம்னு நெனச்சேன். என்ன புத்தி இது எனக்கு?

மேட்டில் பாதி ஏறியிருப்போம். இவர் பேச்சு நின்றது. அதுதான் எனக்கு முதலில் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் ஆட்டுப் பட்டியின் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உதடு வெளுத்திருந்தது. புல்லில் உட்காரவைத்தேன். சட்டைப்பையிலிருந்த மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தேன். ஆடுகள் மேய்வதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தன.

கொஞ்ச நேரத்தில் வலி குறைந்தது. "பெஞ்சு வரைக்கும் சுலபமா வர முடியுது. இது மட்டும் ஏன்..." என்றார்.

அப்போது சொன்னேன். வில்லோ மரம், பம்ப் அறை, எல்லாவற்றையும். பண்ணைக்காரரின் வண்டியில் நேராக மருத்துவமனைக்குப் போனோம். வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

ஏப்ரல் 7, திங்கள்

பயப்பட ஒன்றுமில்லையாம். ஓய்வு, மாத்திரையில் மாற்றம், அப்புறம் நடை. "மேடு ஏற உங்களுக்கு யாரு பர்மிஷன் குடுத்தா?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்க டீச்சர் பாஸ் போட்டாங்க."

டாக்டர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

வீடு பரீட்சை ஹால் மாதிரி இருக்கிறது. ஃபேன் சத்தம் மட்டும்தான்.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று பேசினார். கோபமாகக்கூட இல்லை, பழுது எங்கே என்று எனக்கு விளக்குவதுபோல.

"லிஃப்ட்ல எவ்ளோ எடை ஏறியிருக்குன்னு பாக்கறதுக்கு ஒரு கருவி இருக்கும். அது ஒடஞ்சு போனா பரவால்ல, லிஃப்ட் நகராது. யாருக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா கொறச்சுக் காட்டிட்டே இருந்தா? எல்லாரும் நம்பி ஏறுவாங்க, டீச்சர்."

"நீங்க ஜன்னல்ல உக்காந்துடுவீங்கன்னு பயமா இருந்துச்சு," என்றேன்.

"உக்காந்திருப்பேன். ரெண்டு நாள். அப்புறம் போரடிச்சு நானே வந்திருப்பேன். என்ன உனக்குத் தெரியாதா?"

தெரியும். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அவரவர் போக்கில் விட்டுப் பிடித்தேன். வீட்டில் ஒருவரை நம்பத் தெரியவில்லை.

மே 3, சனி

டாக்டர் மறுபடி அனுமதித்தார், சமதளம் மட்டும். கிளம்பும்போது இவர் பையில் பழைய மஞ்சள் இன்சுலேஷன் டேப். எதற்கு என்று கேட்டேன். "ஓடு, சொல்றேன்."

உள்ளபடி ஓடினேன். எங்கும் நிற்கவில்லை. பெஞ்ச் போயிற்று, வில்லோ போயிற்று, மரப்பாலமும் போயிற்று. கொட்டகைக்கு மிகப் பக்கத்தில், குப்பைத் தொட்டி அருகே சந்தித்தோம். மார்ச்சைவிட மோசம். என் கண் கலங்கியது. இவர் குனிந்து, தொட்டியின் காலில் டேப்பை ஒரு சுற்று சுற்றிப் பல்லால் கடித்து அறுத்தார்.

"இதான் என் மார்க்கு. குப்பைத் தொட்டி. எழுதிக்கோ."

எழுதிவிட்டேன்.

மே 20, செவ்வாய்

டேப் மரப்பாலத்தின் முதல் கம்பத்தில்.

ஜூன் 14, சனி

இரண்டு வாரமாக அதே இடம். என் கால் தானாகவே வேகம் குறைக்கப் பார்க்கிறது. பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிறேன். மெதுவாக ஓடுவதைவிட இதுதான் கஷ்டமான பாடம்.

"இன்னிக்கு மூச்சு வாங்குதே உனக்கு. நல்லது," என்கிறார் இவர்.

ஜூலை 8, செவ்வாய்

வில்லோ மரம். தூண்டில்காரர் ஒரு மீனைத் தூக்கிக் காட்டினார். "இப்பல்லாம் நல்லாக் கடிக்குது டீச்சரம்மா. நிழல் எதுவும் விழறதில்ல." இவர் என்னைப் பார்த்தார். அந்தக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. பெஞ்ச் வரை போய் உட்கார்ந்து சிரித்தார். ஏப்ரலுக்குப் பிறகு இவ்வளவு சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

கல் பெஞ்ச். யாரும் நிற்கவில்லை, யாரும் காத்திருக்கவில்லை. இந்தத் தடவை பெஞ்சைத் தட்டவில்லை. அதன் காலில் இவர் டேப்பைச் சுற்றினார். நுனியை நான் பிடித்துக்கொடுத்தேன்.

மகளுக்கு நான்தான் போன் செய்தேன். இவர் பேச மாட்டேன் என்றுவிட்டார், தொண்டை சரியில்லையாம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மதகுச் சேற்றில் வழுக்கிக் கணுக்கால் சுளுக்கு. ஓடக் கூடாது. ஜன்னலோரம் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார். "எப்டி இருக்கு டீச்சர், காட்சி?" கிண்டல் வேறு.

அக்டோபர் 3, வெள்ளி

மூன்று வாரம் கழித்து இன்று ஓடினேன். கால் சொன்னபடி கேட்கவில்லை. பாதி ஓட்டம், பாதி நடை. என் கரையில் நாணல் காடு முடிகிற திருப்பத்தைக்கூட எட்டவில்லை, மதகு இன்னும் எவ்வளவோ தூரம். எதிரே யாரோ வருவது தெரிந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு விட்டபடி.

பெஞ்ச், பம்ப் அறை, மதகு எல்லாவற்றையும் தாண்டி இவர் என் பக்கத்துக்கு வந்திருந்தார். இந்தக் கரையில் இவர் எனக்கு எதிரே ஓடி வந்து நான் பார்த்ததே இல்லை.

"எங்கயாவது நின்னு வந்திருக்கலாமே," என்றேன். "ஒரு அஞ்சு நிமிஷம்."

"நின்னா கணக்கு தப்பாப் போயிடும்," என்றார். நாணலோரத்து வேலிக்கம்பத்தில் டேப்பைச் சுற்றிவிட்டு, நுனியை என்னிடம் நீட்டினார்.

"கடி. இது உன் மார்க்கு."