வெறும் ரொட்டி

ஞாயிறு இரவு, திருப்பதி ஆஸ்பத்திரி



காலையில் எங்கள் சித்தூர் கோவிலில் திருவிருந்து ஜெபத்தை நடத்திக்கொண்டிருந்த குருவானவர், என் கணவர், இவருக்கு நடுவிலேயே மூச்சு முட்டியது. அப்பமும் திராட்சரசமும் பீடத்தில் இருந்தன, ஜனங்கள் முழங்காலில் இருந்தார்கள். மகள் எழுந்து பீடத்துக்கு ஓடினாள். "நைனா, நீ உக்காரு. மீதிய நான் சொல்றேன்."

அவள் பெரிய சபையில் குருப்பட்டம் வாங்கியவள். பெண்களுக்குப் பட்டம் கொடுத்தார்கள் என்றுதான் இவர் அந்தச் சபையை விட்டு, பழைய ஆங்கிலிக்கன் முறையே போதும் என்று சிலரோடு வெளியே வந்தார். அப்போஸ்தலர்கள் ஆண்கள் தலையில்தான் கைவைத்துக் குருப்பட்டம் கொடுத்தார்கள், அந்த வரிசை அறுந்தால் சபையும் இல்லை, அப்பம் கர்த்தரின் சரீரம் ஆவதும் இல்லை என்பார்.

இவர் கிண்ணத்தைத் துணியால் மூடினார். "நீ சொன்னா அது வெறும் ரொட்டிதாம்மா." யாருக்கும் கொடுக்காமல் எல்லாரையும் அனுப்பிவிட்டார்.

அவள்தான் கார் ஓட்டி இவரை இங்கே கொண்டுவந்தாள்.

விடிந்தால் ஆபரேஷன். அதற்கு முன் திருவிருந்து வேண்டும் என்கிறார். எங்கள் சபையின் இன்னொரு குருவானவர் சென்னையிலிருந்து வர மத்தியானம் ஆகிவிடும். நோயாளிகளுக்குக் கொடுக்கிற சின்னக் கிண்ணமும் அப்பமும் மகளின் பையில் எப்போதும் இருக்கும். அது இவருக்கும் தெரியும்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். இப்போதுதான் இவர் கண்ணைத் திறந்தார்.

"பாப்பாவோட பை எங்க கீது?" என்றார்.