செக்டிஸ்க் கேட்ட கேள்வி

மூடியைக் கழற்றியதும் சந்தன வாசனை வந்தது என்று சொன்னால் நீ சிரிப்பாய். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் சந்தனமாவது வாசனையாவது. வந்தது என்னவோ தூசி வாசனைதான். ஆனால் பெட்டியின் நெற்றியில் நீ வைத்த ஆயுத பூஜைப் பொட்டு இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் மூக்கு தானாகவே சந்தனத்தைக் கற்பனை செய்துகொண்டது.

நாம் கூட்டாக ஆரம்பித்த டைப்பிங் கடையின் முதல் கம்ப்யூட்டரைச் சொல்கிறேன். பாண்டிச்சேரியில் செகண்ட் ஹேண்டில் வாங்கி, செஞ்சி வரைக்கும் பஸ்ஸில் மாற்றி மாற்றி மடியில் வைத்து நாம் இரண்டு பேரும் கொண்டுவந்தோமே, அது. கடைக்குப் புது மெஷின்கள் வந்தபிறகு பரணில் ஏறிப் படுத்துக்கொண்டது. உன் மகள் கேட்டாள் என்றுதான் இறக்கினேன்.

வருகிற தையில் அவளுக்குக் கல்யாணம். போன வாரம் கடைக்கு வந்தாள். உன் நாற்காலி காலியாகத்தான் இருந்தது, ஆனாலும் நின்றுகொண்டே பேசினாள். நானும் உட்காரச் சொல்லவில்லை. நீ போனதிலிருந்து அதில் நான் யாரையும் உட்காரவிடுவதில்லை. கால் ஆடுகிறது, விழுந்துவிடுவீர்கள் என்று ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன்.

"சித்தி, அம்மா அவங்க கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு மலைப் படம் போட்டாங்களாமே. அது எங்கனா இருக்குதா?" என்று கேட்டாள். கிடைத்தால் தன் பத்திரிகையில் போட வேண்டுமாம். உன் கையெழுத்து கூட அவளிடம் ஒழுங்காக இல்லை, எல்லாவற்றையும்தான் நீ டைப் அடித்தே தொலைத்தாயே.

அந்த மலை எனக்கு மறக்குமா? அப்போது படம் வரைகிற வசதியெல்லாம் நம் மெஷினில் ஏது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, அவ்வளவுதான். நீ நட்சத்திரக் குறியையும் சாய்ந்த கோட்டையும் வைத்தே செஞ்சிக் கோட்டை மலையான ராஜகிரியை எழுப்பினாய். கஸ்டமர் இல்லாத மத்தியானங்களில் கொஞ்சம் கொஞ்சமாக. சரிவு சரியாக வரவில்லை என்றால் எழுந்து தெருவுக்குப் போய், கையைக் கண்ணுக்கு மேல் குடையாகப் பிடித்து நிஜ மலையைப் பார்த்துவிட்டு வருவாய். தினமும் சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வருகிறவளுக்கு அந்த மலை தெரியாதா என்று நான் கேலி செய்வேன். தெரிந்ததால்தான் தப்பு தெரிகிறது என்பாய்.

மலையை முடித்து, சேமிக்கிற கட்டளையைக் கொடுத்த அந்த நிமிஷம் பார்த்துக் கரண்ட் போயிற்று. திரும்பி வந்தபோது ஃபைலின் பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை. நீ பதறவில்லை. ஃப்ளாப்பியில் பழைய காப்பி ஒன்று இருக்கிறது என்று பெருமையாக எடுத்தாய். எடுத்தவள் அப்படியே நின்றாய்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கடையில் இருந்த எல்லாவற்றுக்கும் நீதான் பொட்டு வைத்தாய். கத்தரிக்கோல், ஸ்டேப்ளர், கீபோர்டு என்று ஒன்றையும் விடவில்லை. அந்தக்கால ஃப்ளாப்பியின் உறையில் நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும், அதன் வழியாகத்தான் மெஷின் உள்ளேயிருக்கும் தகட்டைப் படிக்கும். பொட்டு வைக்க லட்சணமான இடம் என்று நீ அங்கேதான் வைத்திருந்தாய், சந்தனமும் அதன் நடுவில் குங்குமமுமாக. துடைத்துப் போட்டுப் பார்த்தோம். படிக்க முடியவில்லை, நிறுத்தவா, மறுபடி முயலவா என்று மெஷின் கேட்டது. மறுபடி என்று நீ தட்டிக்கொண்டே இருந்தாய். அதுவும் சளைக்காமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்தபிறகு நீ கொஞ்சம் அழுதாய்.

அப்புறம்தான் செக்டிஸ்க் வந்தது. ஃபைல்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்கிற புரோகிராம். ஓடவிட்டால் ஆங்கிலத்தில் என்னென்னவோ எழுதிவிட்டு, தொலைந்துபோன துண்டுகள் இருக்கின்றன, ஃபைலாக மாற்றவா என்று கடைசியில் கேட்கும். 'ஒய்' என்றால் மாற்று, 'என்' என்றால் வேண்டாம்.

"இன்னாடி சொல்லுது இது?" என்று திரைக்கு மூக்கைக் கொண்டுபோவாய். புரியாததை விட்டுவிட்டுப் போகிற சுபாவமே உனக்குக் கிடையாது. நான் தொலைந்தது தொலைந்ததுதான் என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "தொலைஞ்சி போச்சின்னா அது எப்டி கண்டுபிடிச்சிது? பேருதான் போயிருக்குது. ஆளு உள்ளதான் இருக்குது" என்றாய்.

ஆனால் நாம் 'ஒய்' தட்டினோம், ஒன்றும் வரவில்லை. தேடினோம், புதிதாக ஒரு ஃபைலும் இல்லை. மறுபடி ஓடவிட்டால் முதல் தடவை மாதிரியே கேட்டது. ஒருநாள் கோபத்தில் நான் 'என்' தட்டினேன், அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் பத்திரிகை சாதாரணப் பிள்ளையாரோடு அச்சாகி, கல்யாணமும் முடிந்தது. அதற்கப்புறமும் வேலை இல்லாதபோதெல்லாம் நீ செக்டிஸ்க்கை ஓடவிட்டு 'ஒய்' தட்டிப் பார்ப்பாய். மேல்மலையனூர் கோயில் அமாவாசைக்குக் கூட்டம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற நாளில் நம் கடைக்கு ஈ காக்கை வராது. அன்றைக்கெல்லாம் உனக்கு இதுதான் வேலை.

நேற்று மத்தியானம் நானும் அதையே செய்தேன். மெஷின் முனகிக்கொண்டு உயிர்பெற்றதே எனக்கு ஆச்சரியம். செக்டிஸ்க் அடித்தேன். கேள்வி வந்தது. விரல் பழக்கத்தில் 'ஒய்'க்குப் போயிற்று. அப்போதுதான் கேள்விக்கு மேலே இருந்த வரியைப் பார்த்தேன். நாம் இரண்டு பேரும் என்றைக்குமே படிக்காத வரி. கேள்வி என்று ஒன்று வந்தால் பதில் சொல்ல ஓடுகிற ஜென்மங்கள் நாம், மேலே என்ன எழுதியிருந்தால் என்ன?

எஃப் கொடுக்கப்படவில்லை, ஆகவே திருத்தங்கள் எதுவும் எழுதப்படாது என்று போட்டிருந்தது.

போனில் தேடிப் பார்த்தேன். கட்டளையோடு ஒரு சாய்கோடும் எஃப்பும் சேர்த்து அடித்தால்தான் அது நிஜமாக வேலை செய்யுமாம். இல்லாவிட்டால் ஒப்புக்குக் கேட்டு, ஒப்புக்குப் பதில் வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடுமாம். இத்தனை வருஷம் நம்மிடம் இப்படி விளையாடியிருக்கிறது பார். இன்னொன்றும் படித்தேன், படித்ததும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எஃப் போட்டு 'என்' தட்டியிருந்தால் அந்தத் துண்டுகள் இருந்த இடத்தையெல்லாம் அது காலியென்று கணக்கு வைத்துவிடும், அடுத்து வருகிற ஃபைல் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். நமக்கு விவரம் தெரிந்திருந்தால் நான் கோபப்பட்ட அன்றைக்கே மலை போயிருக்கும். தெரியாததால், பெயரில்லாத அந்த இடத்தை மெஷின் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது.

எஃப் சேர்த்து அடித்தேன். கேள்வி வந்தது. விரல் தப்பிவிடுமோ என்ற பயத்தில் இடது கையால் 'என்' எழுத்தை மூடிக்கொண்டு வலது கையால் 'ஒய்' தட்டினேன். கடையில் யாராவது பார்த்திருந்தால் எனக்கும் பொட்டு வைத்திருப்பார்கள்.

எண் போட்ட பெயர்களில் வரிசையாக ஃபைல்கள் வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தேன். யாருடைய பயோடேட்டாவோ பாதி. ஒரு கண்ணீர் அஞ்சலியின் கடைசி நாலு வரி. கடலை மண்டி ஒன்றின் திறப்பு விழா. அப்புறம் ஒன்றைத் திறந்தால் திரை முழுக்க நட்சத்திரம்.

ராஜகிரி. உச்சியில் கட்டடம், அதற்குக் கீழே நீ நாலு தடவை தெருவுக்கு ஓடிப் பார்த்துத் திருத்திய அந்தச் சரிவு. நீ சொன்னது சரிதான், ஆள் உள்ளேதான் இருந்தது. என் நாற்காலியை உன் நாற்காலிப் பக்கம் திருப்பி, "பாருடி" என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. நன்றாக அழுதேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

மலை முழுசாக இல்லை. கரண்ட் போன இடத்தில் நிற்கிறது. பாதிச் சரிவுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

இன்று காலையில் உன் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். சரிவு நிற்கிற இடம் வரைக்கும் திரையில் விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். அடிவாரத்தை நான் போட்டு முடித்துத் தருகிறேன், நட்சத்திரம்தானே என்றேன்.

"வேணாம் சித்தி. அம்மா விட்ட எடத்துல எங்க பேரு வரட்டும்" என்றாள்.

சொல்லிக்கொண்டே உன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கால் ஆடுகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் அதில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, திரைக்கு மூக்கைக் கொண்டுபோய், பெயரை எந்த எழுத்தில் போடலாம் என்று கேட்க ஆரம்பித்தாள்.

எனக்கு உன்னிடமிருந்து மிச்சம் இருப்பது அந்த ஒரு கேள்விதான். போனில், பேங்க் மெஷினில், எங்கே என்ன எழுதி வந்தாலும் உன் குரலில் 'இன்னாடி சொல்லுது இது' என்று மனசுக்குள் கேட்டுக்கொள்கிறேன். இப்போது மேல் வரியிலிருந்து படிக்கிறேன்.