ஐசக்கின் தாய்க்கு எள்ளும் தண்ணீரும்

12 யூலை, சனி

காலையிலேயே வெயில். இந்த ஜெர்மன் சனத்துக்குக் குளிர் என்றாலும் குறை, வெயில் என்றாலும் குறை. நானும் சேர்ந்து குறை சொல்லப் பழகிவிட்டேன். பாஸ்போர்ட் தந்தது வீண்போகவில்லை.

செய்ய: ஜன்னல் துடைக்க. இவரின் நீலச் சேர்ட்டுக்குப் பொத்தான். ஆடி அமாவாசைக்குக் காத்தோட்டிக்காய் வந்துவிட்டதா என்று தமிழ்க் கடையில் கேட்க. லொ.வுக்குச் சூப்.

கன்டீனில் லொரெய்ன் இல்லாத வேலை இன்னும் பழகவில்லை. பாத்திரம் கழுவும் மெஷினுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், இவ்வளவு காலமும். இப்போது வந்திருக்கிற பெட்டை தட்டுகளைச் சத்தமில்லாமல் உள்ளே விடுகிறாள். லொ. என்றால் ஒவ்வொரு தட்டோடும் ஒரு நக்கல் வரும்.

பின்னேரம் அவள் வீடு. நன்றாக மெலிந்துவிட்டாள்.

"என்னடி, என்ரை பழைய சைஸுக்கு வந்திட்டாய்" என்றேன்.

"நீ அந்த சைஸிலை எந்த நூற்றாண்டிலை இருந்தனி" என்றாள்.

கான்சர் ஈரலுக்கும் பரவிவிட்டதாம். இனி மருந்து இல்லை, இலை கொட்டும் மட்டும் இருந்தால் பெரிய காரியம் என்று டொக்டர் சொன்னாராம். அடுத்த பஸ் வராது என்பதுபோலச் சொன்னாள். நான் சூப்பைச் சூடாக்கினேன். வேறு என்ன செய்ய.

அதைவிட அவளுக்கு வேறொரு கவலை. அமெரிக்காவில் இருக்கிற ஒன்றுவிட்ட தங்கச்சி போன் எடுத்தாளாம். இனித் தேட ஏலாது, கைவிட்டுவிட்டேன் என்றாளாம்.

தேடினது, லொ.வுடைய பூட்டனைப் பெற்றவளின் பெயர்.

15 யூலை, செவ்வாய்

மழை வரப் பார்த்து வராமல் போனது. முழங்கால் வலி.

லொ. ஜெர்மனில் சொன்னதை என் தமிழில் எழுதிவைக்கிறேன். என் தலையில் எதுவும் நிற்காது. ஐந்தாம் வகுப்போடு விட்ட தலை.

அவளுடைய தகப்பன் அமெரிக்க ஆமியில் இங்கே வந்தவர், கறுப்பர். ஜெர்மன்காரியைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார். அவரின் தகப்பன். அவரின் தகப்பன் ஐசக். ஐசக் பிறந்தது வேர்ஜினியாவில், அடிமையாக.

அங்கே முதலில் புகையிலையாம். புகையிலை எனக்குத் தெரியும், ஊரில் அப்பா பிறத்தியாரின் தோட்டத்தில் கூலிக்கு நட்டது அதுதான். மண்ணைத் தின்றுவிடும்.

"ஓம், தின்டிட்டுது" என்றாள். "நிலம் செத்துப்போச்சு. தெற்கிலை பஞ்சு போட ஆள் வேணும் எண்டு நிண்டாங்கள். அப்ப வேர்ஜினியாக்காரனிட்டை விக்கிறதுக்கு மிச்சம் இருந்தது ஆக்கள்தான். மாடு வளர்க்கிற மாதிரி வளர்த்து வித்தாங்கள்."

எனக்கு அமெரிக்கா என்றால் கையில் பந்தம் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்தப் பொம்பிளைச் சிலைதான். மற்றது, எல்லோரும் சமம் என்று தொடக்கத்திலேயே எழுதிவைத்த நாடு என்று மகள் படிக்கிற காலத்தில் சொன்ன ஞாபகம்.

"அதை எழுதினவையும் அடிமை வைச்சிருந்தவையோ?"

"அவை எழுதேக்கை மெழுகுதிரி கொண்டுவந்து வைச்சது ஆரெண்டு நினைக்கிறாய்?"

எழும்பிப் போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தேன்.

அங்கே ஒரு சட்டமாம். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. தகப்பன் யார் என்று பார்ப்பதில்லை. பார்த்தால் சிக்கல், ஏனென்றால் பல பிள்ளைகளுக்குத் தகப்பன் முதலாளியே. ஐசக்கும் அப்படித்தான். லொ.வின் குடும்பப் பெயரே அந்த மனிதனுடையது.

"தன்ரை பிள்ளையையோ வித்தவன்?"

"இல்லை. பிள்ளையை வைச்சுக்கொண்டு தாயை வித்தவன். தெற்குக்கு. சங்கிலியிலை கட்டி நடத்திக்கொண்டு போறது."

ஐசக் அப்போது சின்னப் பெடியன். தாயைப் பற்றி அவனுக்கு ஞாபகம் இருந்தது ஒன்றே ஒன்று. தாயைக் கொண்டுபோன அன்று காலை என்னவோ குழப்படிக்கு அவளிடம் முதுகில் ஒரு அடி வாங்கியது. முகம் இல்லை, குரல் இல்லை. பெயரும் தெரியாது, அம்மாவை யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. கிழவனாகும் மட்டும் அந்த அடியைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார்.

வாங்குகிறவன் ஒவ்வொருவனும் புதுப் பெயர் வைப்பானாம். ஆகவே அவளைப் பெற்றவள் வைத்த பெயர் ஒருவருக்கும் தெரியாது.

"எங்கடை ஆக்களும் இங்கை அகதி எண்டு அசைலம் அடிக்கேக்கை கண்டபடி பேர் மாத்தினவைதான்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீங்கள் தப்புறதுக்கு மாத்தினீங்கள், வசி. அவளுக்குத் தப்ப ஏலாமல் மாத்தினவங்கள்."

பாண் வாங்க மறந்துவிட்டேன்.

19 யூலை, சனி

புழுக்கம். காத்தோட்டிக்காய் வந்துவிட்டது. கடைக்காரர் தங்கம் நிறுக்கிறதுபோல நிறுத்தார்.

லொ.விடம் ஒரு காயைக் கொண்டுபோய்க் காட்டினேன். கடித்துவிட்டு, "இதைத் தின்ன என்ன குற்றம் செய்தனீங்கள்" என்றாள். இறந்துபோன தகப்பனுக்காக நாங்கள் விரதம் இருக்கிற நாள், கோயிலில் ஐயர் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடப்பண்ணுவார், பிறகு வீட்டில் இந்தக் கசப்போடு சாப்பாடு என்றேன். வாய் சும்மா இருக்குமா.

"உன்ரை ஆக்களுக்கும் ஒரு கிளாஸ் விடச் சொல்லட்டோ?"

பகிடிக்குத்தான் சொன்னேன். அவள் கட்டிலில் எழும்பி உட்கார்ந்துவிட்டாள்.

"ஐசக்கின்ரை தாய்க்கு விடுவாரோ?"

"கேக்கலாம்."

"கேள்."

இப்படி ஒரு முகம் அவளுக்கு இருப்பது தெரியாது. சாமான் கேட்கிற பிள்ளையின் முகம்.

வீட்டில் இவர்: "தாய்மாருக்கெண்டால் சித்திரைப் பறுவமெல்லே. இது தேப்பன்மாருக்கு."

"சித்திரை வரும் மட்டும் அவள் இருக்கமாட்டாள்."

டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "சனம் ஒரு மாதிரிப் பாக்கும். நீர் யோசிச்சுச் செய்யும்."

"என்னை இவ்வளவு காலமாப் பாத்து அலுத்துப்போச்சு அதுகளுக்கு. புதுசா ஒண்டைப் பாக்கட்டும்."

ஐயருக்குப் போன். தகப்பன் வழியில் தாய்மாரும் அடக்கம்தான், பூட்டனின் தாய்க்கும் விடலாம் என்றார். பெயர் தெரியாது ஐயா என்றேன். பின்னால் மணிச் சத்தம், யாரோ கூப்பிடுகிறார்கள். "கூட்டிக்கொண்டு வாங்கோ பிள்ளை, பாப்பம்" என்று வைத்துவிட்டார்.

23 யூலை, புதன்

லொ.வுக்குச் சேலை கட்டிப் பார்த்தேன். என் மாம்பழ நிறச் சேலை. இடுப்பில் நிற்கவில்லை, அங்கே இடுப்பே இல்லை. ஊசி குத்திக் குத்தி நிறுத்தினேன்.

"அசைஞ்சா செத்தன்" என்றாள்.

"அசையாட்டியும்தானே" என்றேன். இரண்டு பேரும் இருமி இருமிச் சிரித்தோம். அவளுக்கு வலித்தது. நிறுத்தினோம்.

கொண்டுபோக: எள்ளு. அரிசி, வாழைக்காய். வாழைப்பழம். வெற்றிலை (கிடைத்தால்). அவளின் வலி மருந்து. மடக்குக் கதிரை.

ஒரே ஒரு கட்டளை போட்டாள். அந்த முதலாளிக்கு ஒரு சொட்டும் போகக் கூடாது. ஐசக்குக்குத் தகப்பன் என்று கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும்.

"ஐசக்குக்கு மேலை அவள் ஒராளுக்கு மட்டும்."

"அவள் ஒராளுக்கு மட்டும்" என்றேன். சத்தியம் கேட்கவில்லை. என்னை நம்பினாள்.

24 யூலை, வியாழன். ஆடி அமாவாசை

மழை. கோயில் வாசலெல்லாம் சப்பாத்துக் குளம்.

சனம் திருவிழாபோல. இவர் வேட்டியோடு முன்வரிசையில், நானும் லொ.வும் பின்னால். கதிரையை விரிக்க இடமில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்தில் ஒரு வயதான அக்கா விசாரித்தார். ஆர் இது, ஏன் வந்திருக்கிறா. பாவம் என்று சுருக்கமாகச் சொன்னேன்: இவவின்ரை ஆக்கள் அமெரிக்காவிலை அடிமையா இருந்தவை. தாயைப் பிரிச்சு வித்துப்போட்டாங்கள்.

அந்த அக்கா தலையாட்டினார். "எங்கடை பூட்டன் வீட்டிலையும் அந்தக் காலம் அடிமையள் இருந்ததுகள். காணி குடுக்கேக்கை ஆக்களையும் சேர்த்துத்தான் சீதனம் குடுக்கிறது. ஆனா நாங்கள் நல்லாத்தான் வைச்சிருந்தனாங்கள்."

என் அப்பாவின் ஆட்கள் அப்படி அடிமையாக யார் வீட்டில் இருந்தார்கள் என்று கேட்க வாய் வந்தது. லொ. தோளை இறுக்கிப் பிடித்தாள். கேட்கவில்லை. அந்த அக்கா ஒரு வாழைப்பழம் தந்தார், வாங்கிக்கொண்டேன்.

அந்த அக்கா என்ன சொன்னா என்று லொ. கேட்டாள். மழையைப் பற்றி என்றேன்.

எங்கள் முறை. ஐயருக்குத் தொண்டை கட்டிவிட்டது. லொ.வின் விரலில் தர்ப்பை, கையில் எள்ளு. தகப்பன் பெயர் சொன்னாள், நல்ல கணீர்க் குரலில். தகப்பனைப் பெற்ற பேரன் பெயர். பூட்டன், ஐசக்.

"பூட்டனைப் பெத்த ஆள்?"

"அதுதான் ஐயா, பேர் தெரியாது எண்டனான்."

"பேரில்லாமல் விட்டால் ஆருக்குப் போய்ச் சேருறது? தெரியாட்டி அம்பாளின்ரை பேர் சொல்லுவம். பார்வதி. எல்லாருக்கும் அப்பிடித்தான் செய்யிறது."

அது உண்மை. எங்கள் சனத்தில் பாதிப் பேருக்குப் பூட்டியின் பெயர் தெரியாது. எல்லோருக்கும் பார்வதிதான். ஒருவரும் குறை சொன்னதில்லை.

பின்னால் தள்ளுகிறார்கள். லொ. முழுப் பாரத்தையும் என்மேல் போட்டுவிட்டாள். உதடு வெளிறிக்கொண்டு வருகிறது. இவளிடம் மொழிபெயர்த்துக் கேட்க நேரம் எங்கே.

"ஓம் ஐயா, சொல்லுங்கோ" என்றேன்.

சொன்னார். தண்ணீர் விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, ஒரு சொட்டும் சிந்தாமல்.

காரில் நல்ல சந்தோசம். சேலை ஊசி குத்துகிறது என்றுகூடச் சொல்லவில்லை. பாதி வழியில் கேட்டாள்: "கடைசியிலை ஐயர் ஒரு சொல் சொன்னாரே, பார்வதி. அப்பிடியெண்டால்?"

எனக்குப் பொய் சொல்ல வரும். நன்றாகவே வரும். அந்த நேரம் வரவில்லை. சொன்னேன்.

இவர் வைப்பரின் வேகத்தைக் கூட்டினார்.

அவள் வீட்டு வாசலில் கதவைத் திறந்துவிட்டேன். இறங்கும்போது சொன்னாள், கோபமில்லாமல்:

"இன்னுமொரு ஆள் பேர் வைச்சிட்டுது அவளுக்கு."

25 யூலை, வெள்ளி

வேலைக்குப் போய்க் கோப்பைகள் உடைத்தேன். வானம் எப்படி என்று பார்க்கவில்லை.

பின்னேரம் கோயில். ஐயர் தனியே, பாதித் தூக்கம். அந்தப் பெயரை எடுத்துவிட ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"விட்ட தண்ணியைத் திருப்பி அள்ள ஏலாது பிள்ளை. அதோடை, நல்ல பேர்தானே. அம்பாளின்ரை பேர்."

நல்ல மனிதர். வடை தந்தார். அவரோடு சண்டை பிடிக்கவும் இடமில்லை.

29 யூலை, செவ்வாய்

லொ. போன் எடுக்கவில்லை. போய் மணி அடித்தேன். திறந்தாள், சூப்பை வாங்கினாள், டாங்கே என்று நன்றி சொன்னாள். எனக்கு ஒரு நாளும் டாங்கே சொல்லாதவள். "எடியே உப்புக் காணாது" என்றுதான் சொல்லுவாள்.

சேலையைத் தோய்த்து மடித்து வைத்திருந்தாள். ஊசிகள் ஒரு தேநீர்க் கோப்பைக்குள்.

"லொரெய்ன், நான் யோசிக்காமல்."

"தெரியும். அவளை வாங்கினவங்களும் யோசிக்கேல்லை. கூப்பிட ஒரு சத்தம் வேணும், அவ்வளவுதான்."

என்னைப் போய் அவங்களோடு சேர்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "வருத்தக்காரி, விடும்" என்றார். நோய் இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பாள். சரியாகத்தானே சொன்னாள்.

முழங்காலுக்கு எண்ணெய் பூசினேன். குறையவில்லை.

3 ஓகஸ்ட், ஞாயிறு

அவளை ஹொஸ்பிட்ஸில் விட்டுவிட்டார்கள். கடைசிக் காலத்துக்கு இருக்கிற வீடு. சுத்தம், பூச்செடி, எல்லோரும் மெதுவாகக் கதைக்கிறார்கள். எனக்குச் சத்தமாகத் தும்மல் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

நேர்ஸ் கேட்டாள், சொந்தமா என்று. மெஷினுக்கு இந்தப் பக்கம் என்று சொன்னேன். விளங்கவில்லை அவளுக்கு. தோழி என்று சொல்லியிருக்கலாம்.

லொ. நித்திரை. எழுப்பவில்லை. அமெரிக்கத் தங்கச்சி வரமாட்டாளாம். லொ.வுக்குப் பிள்ளை குட்டி இல்லை.

9 ஓகஸ்ட், சனி

மூடின வானம். சூப் கொண்டுபோகவில்லை, அவள் இனி விழுங்கமாட்டாள்.

விழித்திருந்தாள். கையைத் தேடிப் பிடித்தாள். கோபம் போய்விட்டதா, கோபப்படப் பலம் போய்விட்டதா தெரியாது.

"தங்கச்சி கைவிட்டிட்டாள். நான் போனால், ஐசக்கின்ரை தாயை நினைக்க நீ ஒராள்தான்" என்றாள்.

"ஓம்."

"வேறை ஆள் இருந்தால் உன்னட்டை விடமாட்டன்."

"தெரியும்."

"இடைக்கிடை நினை. பேரில்லாமல்."

"பேரில்லாமல்" என்றேன்.

மருந்து ஏற்ற வந்தார்கள், வெளியே நிற்கச் சொன்னார்கள். திரும்பிப் போனபோது நித்திரை, வாய் திறந்தபடி. ஒரு பகிடி சொல்லிப் பார்த்தேன், கேட்டிருக்காது.

ட்ராமில் இடம் கிடைத்தது. ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது கண்ணை மூடினேன். இன்றைக்கே தொடங்கலாம் என்று. வேர்ஜினியா. புகையிலை. காலை நேரம். மகனின் முதுகில் அடித்த கை. மெதுவாகக் கையிலிருந்து முகத்துக்குப் போகப் பார்த்தேன். முகம் வருவதற்கு முன்னால் வந்துவிட்டது, பார்வதி.

கண்ணைத் திறந்து, ஆற்றைப் பார்த்து, திரும்ப மூடி, முதலிலிருந்து. புகையிலை. காலை நேரம்.

பார்வதி.