கிரகணத்தன்னைக்கு அவ கத்தியைத் தொடலை

பழவேற்காட்டுக் குப்பத்துலேர்ந்து உன் அம்மா இருசம்மாள், கொழும்புத் துறையில உலாந்தா தேசத்து வெள்ளைக்காரன் கப்பல்ல பாய் ஏத்துற மகன் கோதண்டத்துக்கு விரோதி வருஷம் ஆவணி மாசம் சொல்லி எழுதவச்சது. இங்கே நானும் உன் நைனாவும் உன் பொண்டாட்டி திரௌபதியும் கொழந்தையும் எல்லையம்மன் புண்ணியத்துல உசுரும் உடம்புமா இருக்கோம், நீயும் காய்ச்சல் கீய்ச்சல் இல்லாம இருக்கணும். ஏரியில எறா நல்லா படுது, உன் நைனாவுக்கு முட்டிவலி, சொன்னா கேக்காம தண்ணியில எறங்குறாரு.

நீ அனுப்பின ஓலையை, குப்பத்துக்கு ஓலை எழுதிக் குடுக்குற ஆதிநாராயணன் படிச்சுச் சொன்னான். ஒதடு பொளந்த கொழந்தையோட திரௌபதியை ஆரம்பாக்கத்துக்கு, அவ தாய் வீட்டுக்கே அனுப்பிடுன்னு எழுதியிருக்கே. உன்மேல எனக்குக் கோவம் இல்லை. வயித்துப் புள்ளையோட இருந்தவ கிரகண நேரத்துல மடவை மீன் அரிஞ்சா, அதான் கொழந்தைக்கு மூக்கு வரைக்கும் ஒதடு வெட்டுப்பட்டுப் போச்சுன்னு உனக்கு எழுதவச்சதே நான்தானே. குப்பம் பூரா அதையே சொன்னேன். அது பொய்யி கோதண்டம். அன்னைக்கு அவளை உள்ளே இருட்டுல படுக்கவச்சு, படலைக் கட்டிட்டு வாசல்லயே குந்தினு இருந்தவ நான். தாகம்னு கேட்டா, தண்ணிகூட குடுக்கலை. அவ கத்தியை எங்கே தொட்டா? நான் இவ்ளோ பழி சொல்லியும் அந்தப் பொண்ணு என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசலை, நான் ஊத்தின கஞ்சியை வாங்கிக் குடிச்சா. எனக்கு வெக்கமா இருக்கு.

கொழந்தைக்கு ஒதடு மட்டும் இல்லை, வாய்க்குள்ள மேலண்ணமும் பொளந்திருக்கு. மார்ல வச்சா பால் மூக்கு வழியா வந்துடும், மூச்சு முட்டி மொகம் நீலமாப் போவும். புள்ளைக்குப் பசி இருக்கு, வாய் மூடாததால உறிஞ்சத்தான் முடியலைன்னு திரௌபதிதான் கண்டுபிடிச்சா. பாலைப் பீச்சி எடுத்து, கொழந்தையை மடியில நிமித்தி உக்காரவச்சு, பாலாடையால கன்னத்து ஓரமா சொட்டுச் சொட்டா விட்டா. நடுநடுவுல தோள்ல போட்டுத் தட்டணும். ஒரு வேளை பால் எறங்கறதுக்குள்ள ஒரு ஒலைச் சோறு வெந்துடும். இப்போ நாலு மாசம், கொழுகொழுன்னு இருக்கா. சிரிச்சா அந்தப் பொளவு விரியும், மொதல்ல எனக்குப் பாக்கவே முடியலை, இப்போ அந்தச் சிரிப்புக்காகவே வேலையை விட்டுட்டு வர்றேன். காது உன் காதுதான்.

இன்னாத்துக்குப் பொய் சொன்னேன்னு கேப்பே. உனக்கு முன்னாடி எனக்கு ஒரு ஆம்பளப் புள்ள பொறந்துச்சு. இதே ஒதடு, இதே அண்ணம். அந்த வருஷம் கிரகணமே இல்லை. பால் மூக்குல வந்ததும், சாமி வேணாம்னு வச்ச புள்ளைன்னு பயந்து மார்ல போடறதையே நிறுத்திட்டேன். ஒம்பது நாள் அழுதுச்சு ராசா. அப்போ குப்பத்துக்கு வெளியே தனிக் குடிசையில இருந்தோம், ஆரும் புள்ளையைப் பாக்கலை, செத்தே பொறந்துச்சுன்னு ஊருக்குச் சொல்லி மணல்மேட்டுல பொதைச்சோம். இந்தக் கொழந்தை மொகத்தைப் பாத்ததும் இது நம்ம வீட்டு ரத்தத்துல வர்றதுன்னு புரிஞ்சுபோச்சு, ஆருக்கும் தெரியக்கூடாதுன்னு பழியை அவமேல போட்டேன். அவ குத்தமும் இல்லை, கொழந்தை குத்தமும் இல்லை. ஆதிநாராயணன் எழுத்தாணியை நிறுத்திட்டு என்னையே பாக்குறான், எழுதுடான்னு சொல்லிட்டேன். நாளைக்குக் கோயில்ல பொம்பளைங்களைக் கூப்பிட்டு இதையே சொல்லப்போறேன். உன் நைனா வேணாங்கறாரு, நான் கேக்கப்போறதில்லை.

திரௌபதியை நான் எங்கேயும் அனுப்ப மாட்டேன். நீ கோவிச்சுக்கிட்டாலும் சரி, வராமலே இருந்தாலும் சரி. கொழந்தைக்கு இன்னும் பேரு வைக்கலை, அப்பன் சொல்லி வரணும்னு அவ காத்துனு இருக்கா, அடுத்த கப்பல்லயே எழுதி அனுப்பு, மறந்துடாதே. அம்மன் உன்னைக் கடல்லயும் கரையிலயும் காப்பாத்தட்டும், நீ நூறு வயசு இருக்கணும்.

இப்படிக்கு,
ரெண்டு ஆம்பளப் புள்ள பெத்த உன் அம்மா
இருசம்மாள் கைக்கீறல்