முக்கொம்புப் படங்களில் அம்மா எங்கே பார்க்கிறாள்

என் அப்பாவுக்கு,

உங்கள் பாப்பா எழுதுகிறேன். ஐம்பதைத் தொடப்போகிறேன், ஆனாலும் உங்களிடம் பேச வேறு பெயர் எனக்கு இல்லை.

உங்கள் வருஷத் திதி நல்லபடியாக முடிந்தது. அம்மா மண்டபம் படித்துறையில் முரளி ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டுக் கேட்டுச் செய்தான். இந்தத் தம்பிக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டேன். சென்னையிலிருந்து உங்கள் மருமகள் ரேவதியும் பேத்தி யாழினியும் கூடவே வந்திருந்தார்கள். யாழினி இப்போது காலேஜில் படிக்கிறாள், உங்கள் உயரம்.

திதி முடிந்த ஞாயிற்றுக்கிழமை முரளிதான் ஆரம்பித்தான். "அம்மா ஒரு வருஷமா வீட்டை விட்டே வெளிய வரலைக்கா. எங்கயாவது கூட்டிட்டுப் போவோம்." முக்கொம்பு என்று முடிவானது. அம்மா முதலில் மாட்டேன் என்றாள். கால் வலி என்றாள், வெயில் என்றாள். கடைசியில் யாழினி, "அப்பாயி, நீங்க வரலைன்னா நானும் வரலை" என்று உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு எழுந்து புடவை மாற்றிக்கொண்டாள்.

நானும் உங்கள் மாப்பிள்ளையும் உறையூரிலிருந்து வந்து சேர்ந்துகொண்டோம். புளிச்சோறும் தயிர்சாதமும் ரேவதியே கிளறிக் கொண்டுவந்திருந்தாள். நல்ல கூட்டம். மரத்தடியில் விரிப்பைப் போட்டுச் சாப்பிட்டோம். அம்மா என் கையை விடவே இல்லை. நடக்கும்போதும் சரி, உட்கார்ந்திருக்கும்போதும் சரி, என் முழங்கைக்குக் கீழே பிடித்தபடியே இருந்தாள். எனக்கு உள்ளுக்குள் இதமாக இருந்தது. இத்தனை நாள் தனியாக இருந்தவள் மகளைப் பிடித்துக்கொள்கிறாள் என்றுதான் நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்?

அணையின் மதகுகள் பின்னால் தெரிகிற மாதிரி எங்களை நிற்கவைத்து யாழினி நிறையப் படம் எடுத்தாள். போகிற வருகிறவர்களிடம் போனைக் கொடுத்து அவளும் வந்து நின்றுகொண்டாள். "அப்பாயி, இங்க பாருங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். "பார்த்துட்டுத்தாண்டி இருக்கேன்" என்று அம்மாவும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் நம் மூலத்தோப்பு வீட்டுக்குத் திரும்பி, கூடத்தில் உட்கார்ந்து போனைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம். ஒரு படம்கூட உருப்படியாக இல்லை அப்பா. வெயில் பின்னாலிருந்து அடித்ததில் பாதி பேருக்கு முகமே கறுத்துப்போயிருந்தது. உங்கள் மாப்பிள்ளை வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சுமுட்டி நிற்கிறார். நான் கண்ணை மூடியிருக்கிறேன். அதெல்லாம் போகட்டும் என்று சிரித்துவிட்டோம். ஆனால் அம்மா எந்தப் படத்திலும் எங்களோடு இல்லை. ஒன்றில் மரத்தைப் பார்க்கிறாள். ஒன்றில் தண்ணீர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியிருக்கிறாள். இன்னொன்றில் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு குடும்பத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அம்மா உள்ளே படுத்திருந்தாள். ரேவதி குரலைத் தாழ்த்தி, "அத்தைக்கு நம்மகூட வந்ததே பிடிக்கலை போல இருக்கு அண்ணி" என்றாள். முரளியின் முகம் சுருங்கியது எனக்குத் தெரிந்தது. ஒரு வருஷம் கழித்து எல்லோரும் சேர்ந்திருக்கிறோம், ஒரு படம் வைத்துக்கொள்ள முடியவில்லையே என்று எனக்கும் ஆற்றாமைதான்.

"விடுங்கப்பா, நான் சரி பண்ணித் தரேன்" என்றாள் யாழினி. இப்போதெல்லாம் போனிலேயே அதற்கு வழி இருக்கிறது. என் கண்ணைத் திறந்தாள். முகங்களுக்கு வெளிச்சம் போட்டாள். அம்மாவின் தலையை எங்கள் பக்கம் திருப்பி, ஒரு சிரிப்பையும் வைத்தாள். நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது முரளி மெதுவாகக் கேட்டான், "அப்பாவையும் வைக்க முடியுமாம்மா?"

வைத்துவிட்டாள். என் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் எடுத்த உங்கள் படம் ஒன்றைக் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் நீங்கள் அம்மாவுக்குப் பின்னால், அவள் தோளில் கைவைத்து, மதகுகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தீர்கள். போனைக் கீழே வைத்துவிட்டேன். மறுபடி எடுத்துப் பார்த்தேன். நீலக்கோடு போட்ட சட்டை. வரிசை குலையாத பற்கள். முன்பல் விழுந்த சந்தில் நாக்கை வைத்துக்கொண்டு சிரிப்பீர்களே, அது இல்லை. ஆனாலும் நீங்கள்தான். நீங்கள் மாதிரி. எதைச் சொல்வது? முரளி அழுதுகொண்டிருந்தான். அவன் அழும்போது நான் எப்படி வேண்டாம் என்பேன்?

அந்த வாரமே உங்கள் கல்யாண நாள் வந்தது. முரளி சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டுடியோவில் படத்தைப் பெரிதாகப் போட்டு பிரேம் செய்து வாங்கி வந்தான். அம்மாவுக்குச் சொல்லவில்லை. காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தவளைக் கூடத்து நாற்காலியில் உட்காரவைத்து மடியில் வைத்தான். எல்லோரும் சுற்றி நின்றோம். அழுவாளா, திட்டுவாளா என்று எனக்குத் தெரியவில்லை. யாழினி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா பிரேமின் ஓரத்தைத் தடவினாள். படத்தைக் கொஞ்சம் தூக்கினாள், கொஞ்சம் இறக்கினாள். "நல்லா இருக்குடா" என்றாள். "யாழினி எவ்ளோ அழகா இருக்கா. மாப்பிள்ளைகூட நல்லா விழுந்திருக்காரு."

நாங்கள் காத்திருந்தோம்.

"வேற யாரும் இல்லையாம்மா அதுல?" என்றான் முரளி.

"எல்லாரும்தான் இருக்கீங்க. ஏன், யாரை விட்டுட்டீங்க?"

உங்கள் முகம் அவள் கட்டைவிரலுக்கு மேலேயே இருந்தது அப்பா. அவள் வேண்டுமென்றே சொல்லவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். செத்தவரைக் கொண்டுவந்து நிறுத்தியது பிடிக்கவில்லை, காட்டிக்கொள்ளாமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் எங்கள் குரலுக்குக் காத்திருந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று எங்களிடமிருந்தே தெரிந்துகொள்ளப் பார்த்தாள்.

"அம்மா, நான் எத்தனை விரல் காட்டறேன் சொல்லு" என்றேன்.

அம்மா படத்தை முரளியிடம் நீட்டினாள். "பாலை அடுப்புல வச்சிட்டு வந்தேன்" என்று எழுந்தாள். நாற்காலியில் இடிக்கவில்லை, நிலைப்படியில் தடுக்கவில்லை. நேராக அடுப்பங்கரைக்குள் போனாள். அந்த வீட்டில் அவளுக்குக் கண் தேவைப்படவில்லை. அதனால்தான் ஒரு வருஷம் நாங்கள் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

அடுப்பில் பால் இல்லை. நான் பின்னாலேயே போனேன். சுவரைப் பார்த்து நின்றிருந்தாள்.

"எத்தனை நாளாம்மா?"

"இடது கண்ணு போயி ரொம்ப நாளாச்சு. வலது கண்ணுல ஒரு குழாய் வழியா பாக்கற மாதிரி நடுவுல மட்டும் கொஞ்சம் தெரியும். கிட்ட வச்சுத் தேடினா தெரியும்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"அப்பாவுக்குத் தெரியும்."

அதைச் சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவுக்குக் கண் தெரியவில்லை என்பது ஒரு அடி. அது உங்களுக்குத் தெரியும் என்பது இன்னொரு அடி. எது பலமாக விழுந்தது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

மாதம் தவறினாலும் அது தவறாமல் நீங்களும் அம்மாவும் சமயபுரம் போய்வருவீர்கள். வயதான காலத்தில் என்ன பக்தி என்று நானும் முரளியும் போனில் பேசிச் சிரித்திருக்கிறோம். அதில் பாதி நாள் கண் டாக்டரிடம் போயிருக்கிறீர்கள் என்று அம்மா அன்றைக்குத்தான் சொன்னாள். கண்ணில் பிரஷர், விட்டால் பார்வையைத் தின்றுவிடும், தினம் காலையும் ராத்திரியும் சொட்டு மருந்து விடவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நீங்களே விட்டிருக்கிறீர்கள், ஒரு வேளை தவறாமல். டாக்டரிடம் போன நாள்களிலும் திரும்பும்போது கோவிலுக்குப் போய் எங்களுக்குக் குங்குமம் வாங்கி வந்திருக்கிறீர்கள். அதை நான் நெற்றியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் போன பிறகு இருந்த மருந்தை அம்மாவே விட்டுப் பார்த்திருக்கிறாள். கன்னத்தில் விழுந்ததாம், இமையில் விழுந்ததாம். அது தீர்ந்ததும் வாங்கத் தெரியவில்லை. தனியாக டாக்டரிடம் போக முடியவில்லை. விட்டுவிட்டாள்.

முரளி அடுப்பங்கரை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஏம்மா சொல்லலை? ஒரு போன் பண்ணியிருந்தா ராத்திரியே வந்திருப்பேனே."

"வந்திருப்பே. அப்புறம்? கண்ணு தெரியாதவளை இங்க தனியா விட்டுட்டுப் போயிருப்பியா? சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிருப்பே. அங்க எனக்கு எந்தச் சுவரு எங்க இருக்குன்னு தெரியும்?" அம்மா அழவில்லை. "உங்கப்பாகிட்ட சத்தியம் வாங்கினதே அதுக்குத்தான்."

யாழினி முன்னால் வந்தாள். "அப்பாயி, முக்கொம்புல நான் உங்களை இங்க பாருங்க, இங்க பாருங்கன்னு..."

அம்மா கையைத் துழாவி அவள் தலையைத் தொட்டாள். "அங்க எல்லாருந்தாண்டி 'இங்க பாருங்க'ன்னு கத்தறாங்க. எந்த 'இங்க'ன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மறுநாளே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் ஒரு பெண், எங்கள் யாழினியைவிடக் கொஞ்சம்தான் பெரியவளாக இருப்பாள். நிறைய நேரம் பார்த்தாள். போனது திரும்பாது என்றாள். இருப்பதைக் காப்பாற்ற ஒரு ஆபரேஷன் செய்து பார்க்கலாம், பிறகும் மருந்து விடுவதை நிறுத்தக்கூடாது என்றாள். பழைய சீட்டுகளைப் புரட்டிவிட்டு, "முன்னாடி யார் மருந்து போட்டது? ரொம்ப ஒழுங்கா போட்டிருக்காங்க. அதனாலதான் இவ்வளவாவது மிச்சம்" என்றாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். உங்களை நினைத்துப் பெருமைப்படுவதா, உங்களைப் பிடித்து உலுக்குவதா? அவ்வளவு கவனமாக இருந்தவருக்கு, நாம் இல்லாவிட்டால் இவளுக்கு யார் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லையா? எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கக் கூடாதா? நான் எங்கே இருந்தேன் அப்பா, ஆற்றுக்கு அந்தப் பக்கம்தானே?

ஆபரேஷன் முடிந்தது. இருக்கும் பார்வை இப்போதைக்கு நிற்கிறது என்கிறார்கள். முரளி சென்னைக்கு வரச்சொல்லி இரண்டு தடவை கேட்டான். அம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். உங்கள் மாப்பிள்ளைதான், "மாடி காலியாத்தானே கிடக்கு, நாம இங்க வந்துடலாம்" என்றார். எங்கள் உறையூர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வந்துவிட்டோம். ஆபீசுக்கு இப்போது பாலம் தாண்டிப் போகிறேன், அவ்வளவுதான்.

மருந்து நான்தான் விடுகிறேன். முதல் வாரம் எனக்கும் கன்னத்தில்தான் விழுந்தது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். "அப்பா எப்படிம்மா போடுவாரு?" என்று கேட்டேன். அத்தனை வருஷம் பஸ் ஓட்டிய கெத்திலேயே, "மேல பாரு, சிக்னல் விழுந்துருச்சு" என்பீர்களாம். அவள் மேலே பார்ப்பதற்குள் சொட்டு உள்ளே போயிருக்குமாம். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்தப் படத்தை என்ன செய்வது என்று தெரியாமல் பீரோவில் வைத்திருந்தோம். ஒருநாள் அம்மாவே கேட்டு வாங்கினாள். ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், விரல் விரலாக நகர்த்தித் தேடினாள். நான் உதவி செய்யவில்லை. உங்களைக் கண்டுபிடித்ததும் நகர்த்துவதை நிறுத்தினாள். நிறைய நேரம் பார்த்தாள்.

"சாயல் இருக்கு" என்றாள். "ஆனா இது அவரு இல்ல. நானும் இல்ல." பிறகு, "எடுத்தபோது இருந்த படம் இருக்கா?" என்று கேட்டாள்.

யாழினியிடம் சொல்லி அதைத்தான் பிரேம் போட்டிருக்கிறோம். முகங்கள் கறுத்திருக்கின்றன, என் கண் மூடியிருக்கிறது, அம்மா மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை அப்பா. தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் இதை உங்களுக்கு வாக்காகத் தருகிறேன்: காலையும் ராத்திரியும் ஒரு வேளை தவறாது. இந்த வீட்டைவிட்டு அம்மாவை யாரும் நகர்த்தமாட்டார்கள். என்றைக்காவது அம்மா என் கையைப் பிடித்து, இதை மட்டும் முரளியிடம் சொல்லாதே என்று கேட்டால், அவள் கையை விடாமலே அவனுக்குப் போன் போடுவேன்.

உங்கள் மகள்,
சுமதி