காட்டிக்கொடுத்த கனிவு

என் மதிப்புக்கும் கோபத்துக்கும் உரிய அருளப்பன் அண்ணே,

உங்களை அடக்கம் செய்து நாற்பது நாளாகிறது. பள்ளிக்கூடத்தில் உங்கள் நாற்காலியில் இப்போது நான்தான் உட்காருகிறேன். ரப்பர்த் தோட்டத்து வேலிக்கு இன்னொரு சுற்று முள்கம்பி போட்டிருக்கிறார்கள்.

நேற்று மேலிடத்துக் கடிதம் வந்தது. புது ஆசிரியர்களுக்குச் சிரம்பானில் பயிற்சியாம். வேற்று இனத்துப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது, அவர்கள் மனக்கவலையை எப்படிக் கேட்பது என்று உங்கள் வழியை நான் விளக்க வேண்டுமாம். படித்ததும் சிரிப்பு வந்தது. உங்களுக்கு வரவில்லையா?

கேட்கத் தெரிந்தவர்தான் நீங்கள். பிரம்பைத் தொட்டதில்லை. பிள்ளை தரையில் உட்கார்ந்தால் நீங்களும் வேட்டியை மடித்துத் தரையில் உட்காருவீர்கள். அப்படித்தான் அ மேயிடமும் உட்கார்ந்தீர்கள்.

அப்போது பத்து வயதுச் சீனப் பிள்ளை. ரப்பர்ப் பால் வெட்டும் அம்மாவைத் தவிர வீட்டில் யாரும் இல்லை. அரசாங்கத்தால் வேலிக்குள் குடிவைக்கப்பட்டு, வேறு பள்ளி இல்லாமல் நம்மிடம் வந்தவள், ஆறே மாதத்தில் நம் லயத்து வீடுகளின் தமிழைப் பேசினாள். திடீரென்று ஒரு வாரமாக வாயே திறக்கவில்லை.

"மனசுல என்னம்மா இருக்கு? சார்கிட்டச் சொன்னா யாருக்கும் போகாது லா" என்றீர்கள்.

"அம்மா சட்டைக்குள்ள சோறு ஒளிச்சிக் கொண்டு போறாங்க சார். புடிச்சிடுவாங்களோன்னு பயமா இருக்கு."

"யாருக்குச் சோறு?"

"அப்பாவுக்கு. மேட்டுக்கு அந்தப் பக்கம்."

ஒரு பிடி சோறு வேலியைத் தாண்டினாலும் அது காட்டில் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குத்தான் என்று அரசாங்கம் முடிவு கட்டியிருந்த காலம். அவள் தலையைத் தடவி வகுப்புக்கு அனுப்பினீர்கள். அவள் சொன்னதை அன்றைக்கே எழுதித் தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் கொடுத்தீர்கள். மறுநாள் காலை, பெயர் கூப்பிடும் பெரட்டில் நின்ற அவள் அம்மாவைப் போலீஸ் லாரியில் ஏற்றியது.

நான்காம் நாள் பால்வெட்டு ஆட்களோடு மேட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். ஒரு மண்மேடு. சீன எழுத்துப் பலகை. அதன் முன்னால் ஒரு கிண்ணத்தில் எறும்பு மொய்த்த சோறு, எரிந்துபோன ஊதுபத்திக் குச்சிகள். அவள் அப்பா காய்ச்சலில் செத்து இரண்டு வருடம் ஆகிறது என்று கூட வந்த ஆட்கள் சொன்னார்கள். செத்தவருக்குச் சோறு வைத்தவளைத்தான் நாம் பிடித்துக்கொடுத்திருந்தோம்.

அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா? வருடா வருடம் கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுகுவத்தியும் கொண்டு போனவர்தானே நீங்கள்? நானும் யோக்கியன் இல்லை. அமாவாசை தவறாமல் என் அப்பாவுக்குப் படையல் போட்டுவிட்டுச் சாப்பிடுகிறவன், அவள் சொன்னபோது பக்கத்து மேசையில்தான் இருந்தேன். நம் பிள்ளை சொல்லியிருந்தால் படையல் என்று தோன்றியிருக்கும். சீனப் பிள்ளை சொன்னதால் காடு என்றுதான் எனக்கும் தோன்றியது.

ஓடிவந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"எழுதிக் குடுத்தாச்சு தம்பி. இப்ப மாத்திச் சொன்னா நம்ம ரெண்டு பேரையும் லாரியில ஏத்துவான் லா. பேசாம இரு."

பேசாமல் இருந்தேன். இந்த நாட்டு லுக்குட்டில் பிறந்த அவள் அம்மாவை, கண்ணாலும் பார்த்திராத சீனாவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். கெமாஸிலிருந்து சித்தி வந்து கூட்டிப்போகும்வரை, மூன்று வாரம் அந்தப் பிள்ளைக்கு நீங்கள் தலை சீவிவிட்டீர்கள், பிஸ்கட் வாங்கிக் கொடுத்தீர்கள், அழும்போதெல்லாம் தோளில் சாய்த்துக்கொண்டீர்கள். எழுதிக் கொடுத்ததைக்கூடப் பயம் என்று மன்னித்துவிடலாம். அந்த ஆறுதலை எப்படி அண்ணே மன்னிப்பது?

உங்கள் சாவுக்கு அவள் வந்திருந்தாள். இப்போது பதினாறு வயது. உங்கள் மனைவியைவிட அதிகமாக அழுதது அவள்தான். கல்லறைத் தோட்டத்து வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா போனப்புறம் சார் ஒருத்தர்தான் எனக்கு ஆறுதல். அம்மாவ யாரு காட்டிக் குடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாதும்மா" என்றேன். ஆறு வருடத்துக்கு முன்னால் பழகிய வாய், தடுமாறவே இல்லை.

சிரம்பானுக்கு வர முடியாது என்று எழுதிவிட்டேன். வரும் ஞாயிறு காலை கெமாஸுக்கு ரயில் ஏறுகிறேன். அவள் சித்தி வீட்டில் உட்கார்ந்து, எழுதியது நீங்கள், மறைத்தது நான் என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். இது சத்தியம். உங்கள் பெயரைக் காப்பாற்ற மாட்டேன். ஆறுதலாக ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டேன். அவள் காறித் துப்பினால், உங்கள் பங்கையும் சேர்த்து முகத்தில் வாங்கிக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
பேசாமல் இருந்த உங்கள் தம்பி,
மாரிமுத்து