என் கையில் இல்லாதவை

ஜூலை 1, செவ்வாய்

ஆம்பூர். தோல் பதனிடும் ஹபீப் பாய் டேனரி வாசலில் காலை முழுக்கக் காத்திருந்தேன். தோலுக்குச் சாயம் விற்பவனுக்கு மரியாதை பிளாஸ்டிக் நாற்காலி வரைதான். முன்பென்றால் கத்திவிட்டு வந்திருப்பேன். கத்தித்தானே வாலாஜாபேட்டை பார்ட்டியைத் தொலைத்தேன்! "இன்னொரு வாட்டி கஸ்டமர்கிட்ட எகிறினா வீட்லயே இருந்துக்கோ" என்று மேனேஜர் சூரியபிரகாஷ் சொல்லிவிட்டார். அதனால்தான் புத்தகத்தில் படித்த இந்த ஸ்டோயிக் தத்துவம். அடுத்தவன் பேச்சு, அவன் குணம், அவன் செய்யும் தாமதம் எதுவும் என் கையில் இல்லை. என் மனம் மட்டும்தான் என் கையில். இதையே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பசிதான் அடங்கவில்லை.

கடைசியில் பாய் கூப்பிட்டார். எங்கள் புது பிரௌன் சாயத்துக்கு டிரையல் பார்க்கச் சம்மதித்தார்.

ஜூலை 2

மேகலாவிடம் சொன்னேன். எங்கள் லேபில் அவள் ஒருத்திதான். அந்த பிரௌன் அவள் உருவாக்கியது. டிரையல் தேறாவிட்டால் லேபையே மூடிவிடுவார்கள், இருவருக்கும் தெரியும். "கலர் நல்லா வரும் சார். தோலைப் போட்டுச் சுத்தற டிரம்மை மட்டும் கழுவிட்டுப் போடச் சொல்லுங்க" என்றாள்.

ஜூலை 3, வியாழன்

நான் போய்ச் சேர்வதற்குள் தோலைப் போட்டு டிரம்மைச் சுற்றவிட்டிருந்தார்கள். அதில் முந்தின லாட் கறுப்பு. சூப்பர்வைசர் நவீன்குமார் கழுவவே இல்லை. டிரம் கதவோரம் கறுப்பாகத் தண்ணீர் வடிந்ததை என் கண்ணால் பார்த்தேன். தோல் சேற்று நிறத்தில் வந்தது.

"இன்னா சார் கலர் இது? ஷூவுக்கா, சாக்கடைக்கா?" என்றான் நவீன்குமார். எல்லாரும் சிரித்தார்கள். பாய் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரம்மைக் கழுவினியா என்று கத்த வாய் வரை வந்தது. மூச்சை இழுத்து விட்டேன். அவன் பேச்சு என் கையில் இல்லை. சிரித்தேன். "சரி பாய், லேப்ல சொல்றேன்" என்று கிளம்பினேன். பஸ்ஸில் பெருமையாகக்கூட இருந்தது. நானா இது?

ஜூலை 4, வெள்ளி

ஆம்பூரில் டேனரி எல்லாம் லீவு. மேகலா இரண்டு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

மேனேஜர் தோளைத் தட்டினார். பாய் பேசினாராம் – "உங்க ஆளு தங்கம். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. மத்த கெமிக்கல்லாம் உங்ககிட்டயே வாங்கறேன், அந்த பிரௌன் மட்டும் வேணாம்."

லேபை மூடுகிறார்கள்.

"சார், டிரம்மைக் கழுவல சார்" என்றேன்.

"அப்படின்னா அங்கயே சண்டை போட்டிருப்பியே! உன்னைத் தெரியாதா எனக்கு?"

ஜூலை 8

பாயிடமே போனேன். டிரம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"தம்பி, சரக்கு மேல குத்தம் இல்லன்னா கெமிக்கல்காரன் டிரம் பக்கத்துலயே நின்னு சண்டை போடுவான். இன்னொரு டிரையல் வைன்னு பேஜார் பண்ணுவான். எல்லாரும் அப்படித்தான். நீ சிரிச்ச. ஒத்துக்கிட்டன்னு நெனச்சேன். இப்ப வேற கம்பெனிக்கு ஆர்டர் குடுத்தாச்சே."

தத்துவமாம், மண்ணாங்கட்டி. அவன் பேச்சு என் கையில இல்ல, சரி. என் வாய் யார் கையில இருந்துச்சு? பொறுமைன்னு பேர் வச்சு வேலையக் காப்பாத்திக்கிட்டேன் – அவ்ளோதான்.

ஜூலை 31, வியாழன்

மேகலாவுக்குக் கடைசி நாள். கேக் வெட்டினார்கள். பை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"டிரம்மைக் கழுவினாங்களா சார்?"

"இல்ல."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"கோவம் வரலையா?"

"வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்."

"வேற எந்த நாளாவது அடக்கியிருக்கலாமே சார்" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

எங்கள் சத்துவாச்சாரி ஆபீசில் புது சேல்ஸ் ஆட்களுக்குப் பயிற்சி. கஸ்டமரிடம் பொறுமையாக இருப்பது எப்படி என்று நான் பேச வேண்டுமாம். ஹாலில் இடம் போதாமல் மேகலா இருந்த லேப் அறையில் நாற்காலி போட்டிருந்தார்கள். பேசினேன். கை தட்டினார்கள்.